நடுவில் நிற்கும் குரல்: ஒலித்தரப் போட்டிக்குக் கார் ஆடியோ அமைப்பது எப்படி?

கார் ஆடியோ போட்டி என்றதும் டிக்கி முழுக்க சப் ஊஃபர் அடுக்கிய வண்டியும் அதிரும் கண்ணாடியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது ஒலி அழுத்தப் போட்டி. அங்கே மீட்டர் காட்டும் டெசிபல்தான் கணக்கு. ஒலித்தரப் போட்டி வேறு. நடுவர் முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, போட்டிக்கென்றே தொகுத்த இசைத் துண்டுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவார். அமெரிக்காவின் ஐயாஸ்கா, மெக்கா, ஐரோப்பாவின் எம்மா ஆகிய அமைப்புகள் இதற்கு விதிகள் வகுத்திருக்கின்றன. எம்மா விதிப்படி இந்தியாவிலும் மலேசியாவிலும் போட்டிகள் நடந்திருக்கின்றன. மதிப்பெண்ணைப் பிரிக்கும் விதம் ஒவ்வோர் அமைப்பிலும் மாறும், ஆனால் நடுவர் தேடுவது ஏறக்குறைய ஒன்றுதான்.

அது என்ன? ஒரு கச்சேரியில் நடு வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாடுபவர் நடுவில் இருக்கிறார். வழக்கமான அமைப்பில் நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின், பின்னால் தம்பூரா. கண்ணைத் திறக்காமலேயே ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டிவிடலாம். நல்ல ஸ்டீரியோ பதிவுக்குள் இந்த இடவமைப்பும் பதிந்திருக்கும். காரில் அது டேஷ்போர்டுக்கு மேலே, முன்கண்ணாடிக்கு அப்பால் வரை விரிய வேண்டும். இதை ஒலிமேடை என்கிறோம். மேடையின் அகலம், ஆழம், உயரம் மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மேடையில் ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் அசையாமல் நிற்பது பிம்பம். வயலின் வயலினாகவே ஒலிப்பது நாதத் துல்லியம். ஒலியளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இவை மாறக் கூடாது. பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் இரைச்சலோ எஞ்சின் முனகலோ கேட்கக் கூடாது. இதற்கு மேல் ஒயரிங், ஃபியூஸ், பொருத்திய நேர்த்தி, பாதுகாப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

இத்தனையையும் தொடக்கநிலையில் ஒரே இலக்காகச் சுருக்கிக்கொள்ளலாம்: பாடுபவரின் குரல் டேஷ்போர்டின் நடுவில், கண் மட்டத்தில், ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். இது கைகூடினால் மற்றவற்றில் பெரும்பகுதி சரியாகிவிட்டது என்று பொருள். கைகூடாமல் தடுப்பது கார்தான்.

காரில் ஏன் கெடுகிறது?

வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காரலாம். காரில் முடியாது. வலதுகை ஸ்டீயரிங் உள்ள ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரின் தலையிலிருந்து வலது முன்தூணில் (முன்கண்ணாடியின் ஓரத்தூண்) உள்ள ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஓசைகளைத் தரும் சிறு ஸ்பீக்கர், 75 செ.மீ. தூரம், இடது தூணில் உள்ளது 130 செ.மீ. வித்தியாசம் 55 செ.மீ. ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 34.3 செ.மீ. போகும் என்பதால் வலது ஒலி 1.6 மில்லிவினாடி முந்தி வந்துவிடுகிறது. ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஒலி சுற்றிவர எடுக்கும் அதிகபட்ச நேரமே ஏறத்தாழ 0.65 மில்லிவினாடிதான். எனவே மூளைக்கு 1.6 என்பது மிகப் பெரிய இடைவெளி. முதலில் வந்த ஒலி எந்தப் பக்கமோ அதுவே குரல் இருக்கும் பக்கம் என்று அது முடிவு செய்துவிடும். பாடகர் வலது தூணில் ஒட்டிக்கொள்வார்.

பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் சரியாகாதா என்று கேட்கலாம். பாதிதான் சரியாகும். ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதுகள் திசையைப் பெரும்பாலும் நேர வித்தியாசத்தால் அறிகின்றன, அதற்கு மேலே ஒலியளவு வித்தியாசத்தால். பேலன்ஸ் இரண்டாவதை மட்டுமே தொடுகிறது. அதனால் குரலின் கூர்மையான ஓசைகள் நடுவுக்கு வந்தாலும் அதன் கனம் வலப்பக்கமே நிற்கும். பிம்பம் இரண்டாகக் கிழியும்.

கண்ணாடியும் சேர்ந்துகொள்கிறது. முன்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களை அழித்து, சிலவற்றைப் பெருக்கிவிடும். வலப்பக்கமும் இடப்பக்கமும் வெவ்வேறு மாதிரி கெடும் என்பதுதான் இதில் மோசமான பகுதி.

நேரத்தைச் சரிசெய்ய டிஎஸ்பி வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒலியைப் பிரித்து, தாமதப்படுத்தி, அளவைத் திருத்தி அனுப்பும் கருவி அது. கிட்டத்தில் உள்ள ஸ்பீக்கரைச் சற்றுக் காத்திருக்க வைத்தால் எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்துசேரும். பட்ஜெட்டில் விலை உயர்ந்த ஸ்பீக்கரா, டிஎஸ்பியா என்ற கேள்வி வந்தால் தயங்காமல் டிஎஸ்பியை எடுங்கள்.

எதை வாங்குவது?

முதல் அமைப்புக்கு முன்பக்கம் ஒரு ஜோடி ஆறரை இஞ்ச் மிட்பாஸ் (நடு, கீழ் ஓசைகளைத் தரும் கதவு ஸ்பீக்கர்), ஒரு ஜோடி ட்வீட்டர், டிக்கியில் பத்து இஞ்ச் சப் ஊஃபர் ஒன்று. இது போதும். பின்கதவு ஸ்பீக்கர் வேண்டாம். மேடை முன்னால் இருக்க வேண்டிய இடத்தில், பின்னாலிருந்து வரும் ஒலி அதைப் பின்னுக்கு இழுக்கும்.

டிஎஸ்பியில் குறைந்தது 5 வெளியீடு தேவை. 6 இருந்தால் நல்லது, 8 இருந்தால் பின்னாளில் நடு ஓசைகளுக்கென்று தனி மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் சேர்க்கலாம். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) நான்கு சேனலுக்குத் தலா 75 வாட், சப்புக்கு 300 வாட் என்று ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியில், பாருங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வாட் எதற்கும் உதவாது.

ட்வீட்டர் தேர்வில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆறரை இஞ்ச் கூம்பின் பயனுள்ள விட்டம் ஏறத்தாழ 13 செ.மீ. ஒலியின் அலைநீளம் அதே அளவுக்குச் சுருங்கும் 2600 ஹெர்ட்ஸ் அருகே அது டார்ச் விளக்குபோல நேர்முன்னே மட்டும் ஒலிக்கத் தொடங்கும். கதவில் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்பீக்கருக்கு இது பெரிய குறை. ஆகவே 2500 ஹெர்ட்ஸிலாவது வேலையை ட்வீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ட்வீட்டரின் ஒத்ததிர்வு எண் 1250 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. மிகச் சிறிய ட்வீட்டர்கள் பலவற்றால் இது முடியாது. டேஷ்போர்டில் மூன்று இஞ்ச் மிட்ரேஞ்ச் வைக்கும் மூன்றுவழி அமைப்பு போட்டிகளில் விரும்பப்படுவதும் இதனால்தான். குரலின் பெரும்பகுதி கதவிலிருந்து விலகி மேலே வந்துவிடும், மேடை தானே உயரும். ஆனால் டியூனிங் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டுவழியில் கை தேர்ந்த பிறகு அதற்குப் போகலாம்.

ட்வீட்டரை முன்தூணில் வைக்கும்முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பல கார்களில் பக்கத்திரை ஏர்பேக் அந்தத் தூணின் உறைக்குள்ளேதான் ஓடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் தூணை வெட்டுவதும், ஃபைபர் கொண்டு புதிதாக வார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. கண்ணாடி முக்கோணத்திலோ டேஷ்போர்டின் ஓரத்திலோ வையுங்கள்.

கதவுதான் பெட்டி

மிட்பாஸ் நன்றாக ஒலிக்கவில்லை என்று ஸ்பீக்கரை மாற்றுகிறவர்கள் ஏராளம். குற்றம் பெரும்பாலும் கதவில் இருக்கும். கூம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிர் ஒலிகளைத் தருகின்றன. இரண்டும் கலந்தால் பாஸ் அழிந்துவிடும். கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளை வெறும் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும்வரை இரண்டும் கலந்துகொண்டுதான் இருக்கும்.

டோர் பேடைக் கழற்றி, தகட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் தூசியும் எண்ணெயும் போகத் துடையுங்கள். வெளித்தகட்டின் உட்புறத்தில் 2 மி.மீ. பியூட்டைல் டேம்பிங் ஷீட்டைத் துண்டுதுண்டாக ஒட்டி, ரோலரால் மேலுள்ள அலுமினியத் தாளின் பதிவுகள் மட்டமாகும்வரை அழுத்துங்கள். முழுப்பரப்பையும் மூட வேண்டியதில்லை. தகட்டின் நடுப்பகுதியில் 30 முதல் 40 சதவீதம் போதும், அதற்கு மேல் எடைதான் கூடும். உள்தகட்டின் ஓட்டைகளைப் பொறுத்தவரை கதை வேறு, அவற்றில் ஒன்றையும் விடக் கூடாது. பெரிய ஓட்டைக்கு வெறும் ஷீட் போதாது. மெல்லிய அலுமினியத் தகட்டையோ ஏசிபி பலகையையோ அளவாக வெட்டித் திருகி, அதன்மேல் ஷீட் ஒட்டுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையும் பூட்டுக் கம்பிகளும் தட்டாமல் இருக்கின்றனவா என்று ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு முன்கதவுக்கு மொத்தம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் ஷீட் ஆகும்.

கதவின் அடியோரத்தில் மழைநீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவற்றை அடைத்தால் கதவு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். விலை குறைவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்க வேண்டாம். நம் வெயிலில் நிறுத்திய கார் கதவில் அது இளகி வழியும், நாற்றம் உள்ளே தங்கிவிடும்.

ஸ்பீக்கரின் வளையம் உறுதியாக இருக்க வேண்டும். எம்டிஎஃப் வளையம் முதல் மழைக்காலத்திலேயே ஊதிவிடும். 18 மி.மீ. மரைன் பிளைவுட், எச்டிபிஇ அல்லது அலுமினியம் நல்லது. வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு ஃபோம் பட்டை, ஸ்பீக்கரின் முகத்துக்கும் டோர் பேடுக்கும் இடையே இன்னொன்று. இந்த இரண்டாவது பட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பாஸில் பாதி பேடுக்குப் பின்னாலேயே சுற்றி, பேடைத் தடதடக்க வைக்கும்.

சப் ஊஃபருக்கு மூடிய பெட்டியே ஒலித்தரத்துக்கு ஏற்றது. கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. சப்போடு வரும் விவரத்தாளில் க்யூடிஎஸ் (கூம்பின் அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்று காட்டும் எண்) 0.45, விஏஎஸ் (கூம்பின் நெகிழ்ச்சிக்கு இணையான காற்றின் அளவு) 30 லிட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியோடு சேர்ந்த மொத்த க்யூ 0.707 வேண்டும். 0.707-ஐ 0.45-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1 கழித்தால் 1.47 வரும். 30-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 20.4 லிட்டர். உள்ளளவு 36, 30, 20 செ.மீ. கொண்ட பெட்டி 21.6 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் 1.2 லிட்டர் இடத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். 18 மி.மீ. பலகை, எல்லா மூட்டிலும் பசை, உள்ளே சிலிக்கோன். ஒரு நாள் உலரவிட்டு, அதன் ஆவி முழுதும் போன பிறகே சப்பைப் பொருத்துங்கள்.

மூடிய பெட்டியில் கீழ் பாஸ் ஒவ்வோர் அஷ்டகத்துக்கும் (அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம்) 12 டெசிபல் குறைந்துகொண்டே போகும். ஆனால் காரின் மூடிய உள்வெளி, அலைநீளத்தின் பாதி காரின் உள்நீளத்தைத் தாண்டும் அதிர்வெண்ணிலிருந்து கீழே ஏறக்குறைய அதே அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும். 2.5 மீட்டர் உள்நீளமென்றால் ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸிலிருந்து. கதவு இடுக்குகளும் வளையும் தகடுகளும் கொஞ்சம் தின்றுவிட்டாலும், பெரிய வாட் இல்லாமலே ஆழமான பாஸ் கிடைப்பது இதனால்தான்.

மின்சாரம்

600 வாட் வெளியீடு, ஆம்பின் திறன் 80 சதவீதம், மின்னழுத்தம் 13.8 வோல்ட் என்றால் உச்சத்தில் ஏறத்தாழ 54 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் ஓடும் 4 கேஜ் முழுச் செம்பு ஒயரில் அப்போது 0.22 வோல்ட் இழப்பு. இது பரவாயில்லை. செம்பு பூசிய அலுமினிய ஒயர் அதே தடிமனில் ஒன்றரை மடங்குக்கும் மேல் இழக்கும், முனைகளும் நாளடைவில் தளரும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. ஃபயர்வாலில் துளைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் போடாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும், தீ அங்கிருந்துதான் கிளம்பும். வேலையைத் தொடங்கும்முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.

பாடி எர்த்துக்கு ஆம்பின் அருகே பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு, மேலே துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கம், ஒலிக் குறிப்பைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கம். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். கம்பெனி ஒயரிங்கை வெட்டாமல் கப்ளர் போட்டுச் செய்தால் வாரண்டி தகராறும் வராது, பிழையும் குறையும்.

கெயின் என்பது ஒலியைக் கூட்டும் குமிழ் அல்ல

ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் உள்ள பிளேயர்) வெளியீடும் ஆம்பின் உள்ளீடும் பொருந்தச் செய்வது கெயின். அதிகம் வைத்தால் உச்சத்தில் அலை வெட்டுப்படும், அமைதியில் இரைச்சல் கேட்கும். ஸ்பீக்கர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஹெட் யூனிட்டின் எல்லா டோனையும் சுழியில் வைத்து, ஒலியளவை அலை வெட்டுப்படாத உயரத்தில், பெரும்பாலும் மொத்த அளவில் முக்கால் பங்கு அருகே, நிறுத்துங்கள். 75 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 17.3 வோல்ட். பதிவின் உச்ச அளவான சுழி டெசிபல் சைன் ஒலியை (ஒரே அதிர்வெண்ணில் சீராக ஒலிப்பது) ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்த மல்ட்டிமீட்டர் ஏசி அளவில் 17.3 காட்டும்வரை கெயினைத் திருப்புங்கள். 300 வாட், 4 ஓம் சப்புக்கு 34.6 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஒலியில். மிட்பாஸுக்கு 300 ஹெர்ட்ஸ் நல்லது. மலிவான மல்ட்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறான எண் காட்டும். ட்வீட்டர் சேனலுக்கு டிஎஸ்பியில் கிராஸ்ஓவரை (எந்த ஸ்பீக்கருக்கு எந்த அதிர்வெண்கள் என்று பிரிக்கும் வடிகட்டி) தற்காலிகமாகத் திறந்து அதே 300 ஹெர்ட்ஸில் அளந்து, உடனே பழையபடி மூடுங்கள். அதை மறந்து ட்வீட்டரை இணைத்தால் ஒரே நொடியில் அது எரிந்துவிடும். காப்பாக, 4 ஓம் ட்வீட்டரின் ப்ளஸ் ஒயரில் 33 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுங்கள். 1200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது குறைத்துக்கொள்ளும்.

டியூனிங்: இந்த வரிசையில்

வரிசை முக்கியம். முதலில் போலாரிட்டி, அதாவது ப்ளஸும் மைனஸும் மாறாமல் இருப்பது. 1.5 வோல்ட் பேட்டரியை ஆம்ப் முனையில் கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே நகர வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது. மிட்பாஸுக்கும் சப்புக்கும் இந்தச் சோதனை. கெப்பாசிட்டர் உள்ள ட்வீட்டரில் செய்ய வேண்டாம், அங்கே ஒயரின் நிறத்தைத் தொடர்ந்து பாருங்கள்.

அடுத்து கிராஸ்ஓவர். சப் 80 ஹெர்ட்ஸ்வரை, மிட்பாஸ் 80 முதல் 2500 வரை, ட்வீட்டர் 2500-லிருந்து மேலே. எல்லாம் லிங்க்விட்ஸ் ரைலி என்ற வகையில், அஷ்டகத்துக்கு 24 டெசிபல் சரிவு. இது தொடக்கப் புள்ளிதான், அளந்த பிறகு மாறலாம்.

பிறகு தாமதம். ஓட்டுநர் இருக்கையை ஓரிடத்தில் நிறுத்தி, தண்டவாளத்தில் டேப்பால் அடையாளம் போடுங்கள். இனி எல்லா அளவும் இந்த இடத்துக்குத்தான். மூக்கு இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளவு நாடா பிடியுங்கள். நம் ஹேட்ச்பேக்கில் வலது ட்வீட்டர் 75, வலது மிட்பாஸ் 95, இடது ட்வீட்டர் 130, இடது மிட்பாஸ் 140, சப் 180 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிகத் தொலைவான சப்புக்குத் தாமதம் சுழி. மற்றதற்கெல்லாம் 180-லிருந்து அதன் தூரத்தைக் கழித்து 34.3-ஆல் வகுக்க வேண்டும். வலது ட்வீட்டர் 3.06 மில்லிவினாடி, வலது மிட்பாஸ் 2.48, இடது ட்வீட்டர் 1.46, இடது மிட்பாஸ் 1.17. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் டிஎஸ்பியின் ஒரு படி 0.021 மில்லிவினாடி, அதாவது ஏறத்தாழ 7 மி.மீ. நாடா அளவின் பிழை இதைவிடப் பெரியது. கடைசித் திருத்தம் காதால்தான்.

இப்போது மைக். யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச சாஃப்ட்வேரும் போதும். மைக்குக்குரிய திருத்தக் கோப்பை ஏற்றுவதை மறக்காதீர்கள். எல்லா அதிர்வெண்ணும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஆறு புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். ஒரே புள்ளியில் அளந்தால் இரண்டு செ.மீ. நகர்ந்ததும் வேறு வரைபடம் வரும், எதை நம்புவதென்று தெரியாமல் போகும். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாக அளக்க வேண்டும்.

டிஎஸ்பியில் அதிர்வெண்வாரியாக அளவை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரின் முதல் வேலை வரைபடத்தை அழகாக்குவது அல்ல, இடதையும் வலதையும் ஒன்றுபோல ஆக்குவது. 200 முதல் 5000 ஹெர்ட்ஸ்வரை இரண்டும் ஒன்றரை டெசிபலுக்குள் ஒத்துப்போனால் குரல் நடுவில் இறுகும். ஒத்துப்போகாத அதிர்வெண்ணில் எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் குரல் நழுவும். பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு பக்கமாக நடந்து போவதுபோல் கேட்டால் காரணம் இதுதான்.

மேடுகளை வெட்டுங்கள், பள்ளங்களை நிரப்பாதீர்கள். குறுகிய, ஆழமான பள்ளம் பெரும்பாலும் இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று அழிப்பதால் வருவது. அங்கே 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். வரைபடம் அசையவில்லை என்றால் அது அழிவுப் பள்ளம்தான். ஏற்ற ஏற்ற ஆம்பின் சக்தி வீணாகும், பள்ளம் அப்படியே இருக்கும். ஸ்பீக்கரின் கோணத்தையோ கிராஸ்ஓவரையோ மாற்றுவதே வழி.

முழு அமைப்பின் வரைபடம் தட்டையாக இருக்க வேண்டும் என்பது பரவலான தவறு. தட்டையான கார் மெலிந்து, கூர்மையாக ஒலிக்கும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே 8 அல்லது 9 டெசிபல் உயர்ந்து, 200 அருகே மட்டத்துக்கு இறங்கி, 2000-க்குப் பிறகு மெல்லச் சரிந்து, 16,000-இல் 5 டெசிபல் குறைவாக முடியும் வளைவைத் தொடக்க இலக்காக வையுங்கள்.

மைக்கை எடுத்து வைத்துவிட்டு இனிக் காதால். 1950-களின் மோனோ திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். மோனோவில் இரண்டு சேனலும் ஒன்றே என்பதால் குரல், வாத்தியம் எல்லாமே நடுவில் ஒரு குறுகிய கற்றையாக நிற்க வேண்டும். அகலமாகப் பரவினாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ தாமதமோ அளவோ பிசகியிருக்கிறது. வலது ட்வீட்டரின் தாமதத்தை ஒவ்வொரு படியாக மாற்றி, பிம்பம் மிகக் குறுகும் இடத்தில் நிறுத்துங்கள். மிட்பாஸ் ஜோடியையும் தனியாக இப்படியே பாருங்கள்.

பாஸை முன்னால் கொண்டுவருதல்

சப் டிக்கியில் இருந்தாலும் பாஸ் முன்னாலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான் அதிகம். நல்ல மிருதங்கத் தனி ஒன்றைக் கேளுங்கள். தொப்பியின் கும்கியும் வலந்தலையின் கூர்மையான சொற்களும் ஒரே கருவியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். வலந்தலை டேஷ்போர்டிலும் தொப்பி முதுகுக்குப் பின்னாலும் கேட்டால் சப்பும் மிட்பாஸும் இணையவில்லை.

முதலில் சப்பின் போலாரிட்டியை மாற்றிக் கேளுங்கள். 80 ஹெர்ட்ஸ் அருகே எது பலமாக, நிறைவாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முன் ஸ்பீக்கர்கள் நான்கின் தாமதத்தையும் சேர்த்து அரை மில்லிவினாடிப் படியாகக் கூட்டிப் பாருங்கள். தனித்தனியாக மாற்றினால் செய்துவைத்த பிம்பம் கலைந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் பாஸ் பின்னால் இருந்தால், சப்பின் மேல் ஓசைகளோ டிக்கியின் கடகடப்போ காட்டிக்கொடுக்கிறது. சப்பை 60 அல்லது 70 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். 20 முதல் 200 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று கடகடப்பைத் தேடுங்கள். நம்பர் பிளேட், பின் ஷெல்ஃப், சீட் பெல்ட் கொக்கி, ஸ்டெப்னி டூல்கள், டோர் பேடின் கிளிப்புகள் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். ஒரு ஃபோம் துண்டு பலவற்றைத் தீர்க்கும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் கேட்டால் அமைப்பை அணைத்து, ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றிவிட்டு, அமைப்பை மட்டும் மறுபடி ஆன் செய்து பாருங்கள். முனகல் நின்றால் அது டிஎஸ்பியிலோ ஹெட் யூனிட்டிலோ பிறக்கிறது. எல்லாக் கருவியின் எர்த்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நிற்கவில்லை என்றால் ஆம்பின் எர்த்தையும் ஒயர் பாதையையும் பாருங்கள். எஞ்சினோடு தொடர்பில்லாத ஒரே சீரான இரைச்சல் என்றால் கெயின் அதிகம்.

போட்டி நாளில்

அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை முன்பே படித்து உங்கள் வகுப்பில் எத்தனை ஸ்பீக்கர், எவ்வளவு மாற்றம் அனுமதி, எந்த இருக்கையிலிருந்து கேட்பார்கள் என்று உறுதி செய்யுங்கள். கேட்கும் பகுதி பெரும்பாலும் எஞ்சின் அணைந்த நிலையில் நடக்கும். 13.8 வோல்ட்டில் டியூன் செய்த அமைப்பு 12.4-இல் எப்படி ஒலிக்கிறது என்று வீட்டிலேயே அரைமணி நேரம் சோதித்து, பேட்டரியை முழுதும் ஏற்றிக்கொண்டு போங்கள். டேப் அடையாளத்துக்கு இருக்கையை நகர்த்தி, ஹெட்ரெஸ்ட்டையும் ஸ்டீயரிங் உயரத்தையும் டியூன் செய்த அன்று இருந்தபடி வையுங்கள். சாவிக்கொத்து, சில்லறை, தண்ணீர் பாட்டில், கிளவ் பாக்ஸில் உள்ள பேனா எல்லாம் வெளியே. ஏசி பிளோயர் நிறுத்தம், போனின் புளூடூத் அணைப்பு. நடுவர் தரும் டிஸ்க்கையோ யுஎஸ்பியையோ உங்கள் ஹெட் யூனிட் தடையில்லாமல் படிக்கிறதா என்று அதே வகை ஃபைலைப் போட்டு முன்பே பார்த்துவிடுங்கள்.

நடுவர் உங்களைவிட உயரமாகவோ குட்டையாகவோ இருக்கலாம். அவர் தலை ஐந்து செ.மீ. தள்ளி இருந்தாலும் குரல் நடுவில் நிற்க வேண்டும். ஆகவே டியூனிங் முடிந்ததும் வெவ்வேறு உயரமுள்ள மூன்று பேரை அந்த இருக்கையில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு குரல் வரும் இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். மூன்று விரலும் டேஷ்போர்டின் நடுவைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கட்டலாம். ஒருவர் வலப்பக்கம் காட்டினால், மறுபடி வலது ட்வீட்டரின் தாமதத்திலிருந்து தொடங்குங்கள்.